படத்தின் ஓரம்

என் அக்காவின் கலியாணம் 1994-ல் நடந்தது. அதைப் பிடித்த வீடியோ நாடா எங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. காலஞ்சென்ற என் தகப்பனார் நடமாடுகிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நாடாவில் பூசணம் பிடிப்பதற்குள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று சென்ற மாதம் தீர்மானம் செய்தேன்.

அக்காவுக்கு அந்தப் படத்தின்மேல் ஒரு தீராத குறை உண்டு. "தாலி கட்டுகிற சமயத்தில் எல்லாரும் அழுகிறீர்கள். அப்பாவை மட்டும் காணவே காணோம். கல் மனசு!" என்பாள்.

நாடாவை ஓட்ட வி.ஸி.ஆர். வேண்டுமே! ஜப்பானில் கடைசி வரையில் அதைச் செய்துவந்த கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. சிநேகிதர் ஒருவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கிக் கொடுத்தார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கட்டைவிரல் அளவில் ஒரு சாதனம் வாங்கினேன். மஞ்சள் கம்பி படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. எல்லாவற்றையும் செருகிவிட்டு, அம்மாவை நாற்காலி போட்டு எதிரே உட்கார வைத்தேன்.

நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. திரையிலோ அமாவாசை இருட்டு.

"ஏண்டா, முகூர்த்தம் காலையில்தானே?" என்றாள் அம்மா.

மாடியில் குடியிருப்பவரின் பையன் எஞ்சினியரிங் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். "சார், படம் மஞ்சள் கம்பியில் வருகிறது. கம்ப்யூட்டர் எஸ்-வீடியோ வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, எதையோ மாற்றினான். இருட்டு விலகியது.

ஆனால், வந்த படம் உருண்டது. அக்காவின் அரக்குக் கூறைப்புடவை சாம்பல் நிறமாக இருந்தது. இதற்கும் காரணம் சொன்னான். நம் நாட்டு முறையான 'பால்' படத்தில் 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்க முறையில் 525 கோடுகள், ஏறக்குறைய 30 படங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்கக் கணக்கை வைத்துக்கொண்டு நம் கலியாணத்தை அளந்துகொண்டிருந்தது! கணக்கை மாற்றியதும் புடவைக்குச் சாயம் ஏறியது.

பிறகு, கையை அசைத்தவர்களின் விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தது. அந்தக் காலத்துப் படத்தை ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று இரண்டு பாதியாக அனுப்புவார்களாம். இரண்டுக்கும் நடுவே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. இரண்டு பாதியையும் கம்ப்யூட்டர் ஒன்றாகப் பின்னிக் காட்டினால் பல் தெரியாமல் என்ன செய்யும்? அதற்கும் ஒரு பரிகாரம் இருந்தது.

கடைசியாக, படத்தின் அடியில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"இது எல்லா நாடாவிலும் உண்டு, சார். பழைய டெலிவிஷன் பெட்டிகள் நாலு பக்கமும் கொஞ்சம் ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். அதனால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்ப்யூட்டர் முழுவதையும் காட்டிவிடுகிறது. நாலு ஓரத்தையும் வெட்டிவிடட்டுமா?"

"ஏற்றி முடிக்கட்டும், பார்க்கலாம்" என்றேன்.

மூன்று மணி நேர நாடா ஏறுவதற்கு மூன்று மணி நேரம்தான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கெட்டிமேளம் கொட்டியது. திரையின் இடது பக்கத்தில், தூணுக்கு அருகில் ஒரு முழங்கை தெரிந்தது. டெலிவிஷனில் எத்தனையோ தடவை பார்த்த முழங்கை. யாருடையது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இன்று அந்த முழங்கைக்குப் பின்னால் ஒரு தோள் இருந்தது. பாதி முகமும் இருந்தது. அப்பா அங்கவஸ்திரத்தின் நுனியால் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். மேளம் நிற்கும் வரையில் எடுக்கவில்லை.

அம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு அங்கவஸ்திரம் நனைந்திருந்தது. கேட்டதற்கு, வேர்வை என்றார்" என்றாள்.

சாயங்காலம் பையன் வந்து, "வெட்டிவிடலாமா, சார்?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் படத்தை அப்படியே அனுப்பினேன். அடியில் அந்தப் புழு இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.