இல்லத்து இசைப்பெட்டகம்

நம் இல்லத்து முன்கூடத்தில், சுவரலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளங்கையளவே உள்ள ஒரு கணிப்பொறி இரவும் பகலும் விழித்திருக்கிறது. அதில் காற்றாடி இல்லை. சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே ஓசையும் இல்லை. அதிலிருந்து புறப்படும் ஒரு கம்பி பழைய ஆம்ப்ளிபயருக்கும், அங்கிருந்து இரு ஒலிபெருக்கிகளுக்கும் செல்கிறது. அதே அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகரப் பெட்டி. அதனுள் எழுபதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். கீழே உள்ளதை இன்றைய இளைஞர் ‘மியூசிக் சர்வர்’ என்பர். நாம் இசைப்பெட்டகம் என்றே அழைக்கிறோம். மேலே உள்ள தகரப் பெட்டிக்கும் கீழே உள்ள இசைப்பெட்டகத்திற்கும் இடையே என்ன உறவு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாகூரில் நாம் சிறுவனாய் இருந்த காலத்தில் வாப்பா சிங்கப்பூரில் இருந்தார்கள். 1979ஆம் ஆண்டு ‘சிதம்பரம்’ கப்பலில் ஊர் வந்தபோது அவர்கள் கொணர்ந்த பொருள்களில், வானொலியும் டேப் ரிக்கார்டரும் ஒன்றாய் அமைந்த நேஷனல் பெட்டி ஒன்று இருந்தது. அன்று முதல் நம் வீட்டில் ஒலிக்குப் பஞ்சமில்லை. நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலும், ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரமும், பிஸ்மில்லா கானின் ஷெனாயும் அப்பெட்டியின் வழியாகவே நம்மை வந்தடைந்தன. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்காக வாப்பா பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். அறிவிப்பாளரின் பாதிச் சொல்லோடுதான் பாட்டுத் தொடங்கும். இன்றும் அப்பாடல்களைக் கேட்கையில், அந்த அறுந்த பாதிச் சொல் இல்லையேல் நமக்குப் பாட்டே முழுமை பெறுவதில்லை.

வாப்பா மீண்டும் கப்பலேறிய பின் அப்பெட்டி வேறொரு பணியையும் ஏற்றது. உம்மாவுக்கு எழுத வராது. அதுவரை அண்டை வீட்டுப் பையன்தான் கடிதம் எழுதித் தருவான். பிறர் கை வழியே கணவருக்கு எழுதும் பெண் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கேசட் வந்ததும் உம்மாவின் நா விடுதலை பெற்றது. கப்பலேறும் ஊரார் எவரிடமேனும் ஒரு கேசட் கொடுத்தனுப்பப்படும். மறுமொழி மற்றொரு கேசட்டில் வரும். அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் மீண்டும் அழித்துப் பதியப்பட்டவை. 1981இல் உம்மா பேசிய ஒன்று மட்டும் எவ்வாறோ அழியாமல் வாப்பாவின் பெட்டியோடு திரும்பி வந்து சேர்ந்தது. உம்மா 1996இலும், வாப்பா 2009இலும் வஃபாத்தானார்கள். உம்மாவின் குரல் இவ்வுலகில் அந்த ஒரே நாடாவில்தான் எஞ்சியது.

2014இல், லாத்தாவின் மகன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். “மாமா, இவ்வளவு கேசட்டும் சி.டி.யும் ஏன் இடத்தை அடைக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டருக்குள் வைத்துவிடலாம், வீட்டில் எந்த அறையிலிருந்தும் கேட்கலாம்” என்றான். மருமகனின் சொல் நமக்கு இனித்தது. மூலையில் கிடந்த பழைய கணிப்பொறியைத் துடைத்து, அதில் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தினோம். முதல் இசைப்பெட்டகம் பிறந்தது.

சி.டி.க்களை உள்ளே ஏற்றுவது எளிது. அவற்றில் ஒலி ஏற்கெனவே எண்களாகவே இருக்கிறது. ஒரு நொடியில் 44,100 முறை ஒலி அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் கொள்ளும். எம்.பி.3 முறையில் அதனைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம்; ஆனால் செவிக்குப் புலப்படாது என்று கருதப்படும் நுண்ணொலிகளை அம்முறை தள்ளிவிடும்; தள்ளியது திரும்பாது. 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ, துணியை மடித்து வைப்பது போன்றது. இடம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். பிரித்தால் ஓர் இழையும் குறையாது. நாம் முதலில் சிக்கனம் கருதி எம்.பி.3யில் ஏற்றினோம். அஃது முதற்பிழை.

கேசட்டின் கதை வேறு. அதற்குக் குறுக்குவழி கிடையாது. 60 நிமிட நாடாவை ஏற்ற 60 நிமிடமே ஆகும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் அது ஊர்ந்து முடியும் வரை நாம் காத்திருக்க வேண்டும். நாமோ அவசரக்காரர். உம்மாவின் நாடாவை ஓடவிட்டு, அவர்கள் வாப்பாவுக்கு ஸலாம் கூறி முடித்ததும் பதிவை நிறுத்திவிட்டு அடுத்த கேசட்டை எடுத்தோம். அஃது இரண்டாம் பிழை.

மூன்றாம் பிழையே பெரும்பிழை. வேலை முடிந்ததும், “இனி இந்தக் குப்பை எதற்கு? பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாம்” என்றோம். கேட்டுக்கொண்டிருந்த லாத்தா ஒன்றும் வாதாடவில்லை. “இடத்தை அடைப்பதானால் என் வீட்டில் அடைக்கட்டும், தம்பி” என்று சொல்லித் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாம் சிரித்தோம்.

நான்கு ஆண்டுகள் அந்த இசைப்பெட்டகம் நம்மை மகிழ்வித்தது. 2018இல் ஒரு காலை, அதனுள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று கடிகாரம் போன்ற ஓசை எழுந்தது. ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல, அதன்மேல் மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் படிக்கும் முனை மிதந்து செல்லும். அம்முனை தட்டில் உராய்ந்துவிட்டால் எழுத்தனைத்தும் பாழ். சென்னைக்கு எடுத்துச் சென்று காட்டினோம். பார்த்தவர் கையை விரித்தார். நாலாயிரம் பாடல்களோடு உம்மாவின் குரலும் போயிற்று.

பாடல்களைப் பற்றி நாம் வருந்தவில்லை. அவை கடைகளில் கிடைக்கும். உம்மாவின் குரல் எந்தக் கடையில் கிடைக்கும்? ‘நகல் எடுத்துவிட்டோம்’ என்ற நினைப்பே நம்மைக் கெடுத்தது. மூலத்தை எறிந்தபின் எஞ்சும் ஒரே நகல், நகல் அன்று, அதுவே மூலம். இதனை உணர நமக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் சாக வேண்டியிருந்தது. லாத்தாவின் வீட்டில் தகரப் பெட்டி இருக்கிறது என்பது நமக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் சிரித்த வாயால் எப்படிக் கேட்பது? இரண்டு மாதங்கள் வாய் திறக்கவில்லை. இறுதியில் மருமகன்தான் தன் தாயிடம் சொல்லியிருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் வீடு திரும்பியபோது தகரப் பெட்டி முன்கூடத்தில் இருந்தது. லாத்தா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே நமக்குப் போதிய தண்டனையாயிற்று.

இம்முறை நாம் அவசரப்படவில்லை. உம்மாவின் கேசட்டில், நாடாவை முனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு ஒட்டு விட்டு விழுந்திருந்தது. வேறொரு கேசட்டின் கூட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, நாடாவை மட்டும் மூச்சடக்கி இடம் மாற்றினோம். ரிச்சி தெருவில் பழைய டெக் ஒன்று வாங்கி, அதன் முனையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். முனையின் சாய்வு, பதிந்த பெட்டியின் சாய்வோடு ஒத்திராவிட்டால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கும். அதற்கென்றே உள்ள சிறு திருகாணியை மயிரளவு மயிரளவாகத் திருப்பினோம். திடீரென்று போர்வை விலகியது. உம்மா எதிரில் அமர்ந்து பேசுவது போல் இருந்தது. கிணற்று உருளை கிறீச்சிட்டது. தெருவில் மீன்காரி கூவினாள். ஓட்டுக்கூரை ஒழுகுவதையும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியதையும், நமக்குக் காய்ச்சல் வந்து போனதையும் உம்மா நிதானமாக வாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸலாம் கூறி முடித்தார்கள். நாம் பதிவை நிறுத்தவில்லை; நாடா ஓடியது. சற்று மௌனம். பிறகு, பெட்டி அணைந்துவிட்டது என்று எண்ணிய உம்மா, தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: “நான் பேசினது சரியா இருந்துச்சா புள்ளே?” பன்னிரண்டு வயது லாத்தாவின் குரல் பதில் சொன்னது: “சரியாத்தான் இருந்துச்சு உம்மா.” அதன் பின் பொத்தான் விழும் ஓசை.

நான்காண்டுகள் நாம் பாதுகாத்ததாக நினைத்த நகலில் இவ்விரண்டு வாக்கியங்களும் இல்லை. டிஸ்க் அழியாதிருந்தால் இவற்றை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

லாத்தாவை வரவழைத்துக் கேட்கச் செய்தோம். முக்காட்டு நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டு, பின் சிரித்தார்கள். “அன்று உம்மாவிடம் பொய் சொன்னேன் தம்பி. பாதி நேரம் நான் கவனிக்கவேயில்லை. வாசலில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்” என்றார்கள்.

இப்போதுள்ள இசைப்பெட்டகம் 2020இல் அமைந்தது. கணிப்பொறி ராஸ்பெரி பை வகையைச் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியியல் பயிலட்டும் என்ற நோக்கோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012இல் வெளிவந்த மலிவான பலகை அது. சில வாட் மின்சாரமே அதற்குப் போதும். எண்களை மீண்டும் ஒலியாக்கும் ‘டாக்’ என்னும் சிறு பலகை அதன் தோளில் அமர்ந்திருக்கிறது. அதனை இயக்கும் மென்பொருளின் வரலாறும் நமக்குப் பாடமே. ஒரு சிறு நிறுவனம் அதனைத் தொடங்கியது. 2006இல் பெரிய நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. 2012இல் அக்கருவிகளின் உற்பத்தி நின்றது. ஆயினும் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால் ஆர்வலர்கள் அதனைச் சாகவிடவில்லை. 2024 முதல் அது ‘லிரியான் மியூசிக் சர்வர்’ என்ற பெயரில் வாழ்கிறது. வணிகர் கைவிட்டதை அன்பர்கள் காத்தனர்.

பாடல்களுக்குப் பெயரிடுவதே பெரும் உழைப்பு. ‘ஹனீபா’, ‘ஹனிபா’, ‘ஹனிஃபா’, ‘நாகூர் ஹனீபா’ என்று நால்வகையாய் எழுதினால், கணிப்பொறி நான்கு பாடகர்களைக் காட்டும். அவர்களை ஒருவராக்க ஒரு ரமளான் மாதத்து இரவுகள் செலவாயின. மின்வெட்டு மற்றொரு பகை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் நினைவட்டை கெடும். அதற்கென ஒரு சிறு யு.பி.எஸ். வைத்தோம்.

இன்று எல்லாப் பாடல்களும் இணையத்தில் கிடைக்கின்றனவே, இந்த உழைப்பு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அறிவிப்பாளரின் பாதிச் சொல்லோடு தொடங்கும் வாப்பாவின் பதிவு இணையத்தில் இல்லை. மேலும், உம்மா வாழ்ந்த நாளில் அவர்கள் குரல் நம் வாசற்படியைத் தாண்டியதில்லை. அவர்கள் மறைந்தபின், அவர்களைக் கேட்க இயலாத நிலையில், அதனை உலகெங்கும் ஒலிக்கவிட நமக்கு உரிமை ஏது? வீட்டுக்குரிய குரல் வீட்டிலேயே இருக்கட்டும். அஃது அமானத்.

துய்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பாடல்கள் விரல்நுனியில் வந்ததும், தொடக்கத்தில் எவரும் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்கவில்லை. பத்து நொடிக்கொரு முறை தாவினோம். வாப்பாவின் காலத்தில் இருந்தது ஒரு பெட்டி, சிலவே நாடாக்கள், ஆனால் வீடே சுற்றி அமர்ந்து கேட்டது. எனவே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். வியாழன் இரவு, இஷாவுக்குப் பின், வீட்டில் ஒருவர் தேர்வு செய்வார். ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். இடையில் எவரும் கைவைக்கக் கூடாது. சின்ன மௌலானா ஒரு ராகத்தை அவசரமின்றி விரித்துச் செல்வதை இவ்வாறு அமர்ந்து கேட்டால்தான் அதன் முழு அழகும் விளங்குகிறது. பெருநாள் காலையிலோ முன்கூடத்திலும் அடுக்களையிலும் ஒரே பாட்டு ஒரே கணத்தில் ஒலிக்கும். நெய்ச்சோற்று மணத்தோடு அது வீடெங்கும் பரவும்.

சென்ற ஆண்டு ஒரு வியாழன் நம் மகளின் முறை. அவள் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே உம்மா மறைந்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது பாட்டன்று; உம்மாவின் நாடா. முடிவில் அவ்விரு வாக்கியங்களும் வந்தபோது, “வாப்பா, மாமியின் குரல் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது” என்றாள்.

உம்மாவின் குரல் இன்று மூன்றிடங்களில் இருக்கிறது: பெட்டகத்தில் ஒன்று, பூட்டிய பீரோவில், தனி டிஸ்க்கில் ஒன்று, லாத்தாவின் வீட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை மருமகன் அவற்றைச் சரிபார்க்கிறான். நாடாவோ நான்காவதாக, தகரப் பெட்டியில்.

வாசக அன்பர்களே, உங்கள் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். நாடாவைவிட அதனை ஓட்டும் கருவிகள் விரைந்து அருகி வருகின்றன. இறக்கி எடுங்கள்; யார் குரல், எந்த ஆண்டு என்று, அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி ஒட்டுங்கள்; ஒன்றுக்கு மூன்றாய் நகல் எடுங்கள்; எடுத்தபின் மூலத்தை எறியாதீர்கள். ஸலாம் சொல்லி முடிந்ததும் நிறுத்திவிடாமல், நாடா தீரும்வரை ஓடவிடுங்கள்.