மருத்துவப் பக்கங்கள் நீங்கலாக

மார்ச் 4, 2025, செவ்வாய்

பார்வையற்றவர் நீதிபதியாகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் நேற்றுத் தீர்ப்பளித்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்ற பிள்ளையொன்றின் தாய் தலைமை நீதியரசருக்கு எழுதிய கடிதம்தான் மனுவாக எடுக்கப்பட்டது. பார்வை இல்லாதவரை நீதித்துறைப் பணிக்கு வெளியே நிறுத்திய அந்த மாநில விதியை நீதியரசர்கள் பர்திவாலாவும் மகாதேவனும் தள்ளிவிட்டார்கள். ஒரு தாயின் கடிதம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

உடனே நினைவுக்கு வந்தவர் தமிழ்நாட்டுச் சுரேந்திர மோகன். உதவி அரசு வழக்கறிஞராக வேலை பார்த்தவர். பார்வைக் குறைபாடு 70 வீதம். 2014இல் தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியபோது, 50 வீதத்துக்கு மேல் பார்வை குறைந்தவர்களை எடுப்பதில்லை என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். 2019 ஜனவரி 22இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரியென்றது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், ஒருவருக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்துகொடுக்கும் கடமையை முன்னைய தீர்ப்புக் கவனிக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது.

அந்த 2019 தீர்ப்பை எங்கே எடுத்து வாசித்தாலும் சுரேந்திர மோகனுடைய பெயருக்குப் பக்கத்தில் அந்த 70 நிற்கிறது. வழக்குக்கு அது தேவை, அதைச் சொல்லாமல் வாதாட முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் அவர் எப்படி வேலை செய்தார் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, இலக்கத்தை எல்லாரும் வைத்திருக்கிறோம்.

மார்ச் 6, வியாழன்

மருதனார்மடம் சந்தையால் வந்து மரக்கறிப் பையைக் குசினியில் வைக்க முதலே கடைசி வீட்டுப் பிள்ளை படலையில் நின்றது. கையில் ஒரு கட்டுக் கடதாசி. 2009இல் வன்னியில் செல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. செயற்கைக் காலோடு படித்து, கணக்கியல் முடித்து, பட்டினத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை பார்த்தது. கணக்குப் பகுதியை மேல்மாடிக்கு மாற்றினார்கள். கீழே ஒரு மேசை கேட்டது. மருத்துவச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனது. இன்னொன்று கேட்டார்கள், அதையும் கொடுத்தது. கடைசியில் தானாக விலகுவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பிள்ளை தொழில் நியாய சபைக்குப் போனது. இப்போது இரு பக்கச் சாட்சியமும் முடிந்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி கைக்கு வந்திருக்கிறது.

“அக்கா, இதை அப்பிடியே எல்லாரும் வாசிக்கக் குடுத்தா என்ன? பேப்பருக்கும் குடுப்பம். என்ன நடந்ததெண்டு சனத்துக்குத் தெரியட்டும்.”

“நீர் முழுக்க வாசிச்சுப் பாத்தனீரோ பிள்ளை?”

“பாத்தனான். முக்கால்வாசி என்ரை காலைப் பற்றித்தான். அவையள் செய்தது எங்கயோ ஒரு மூலையில கிடக்கு.”

அது போன பிறகு நான் இருந்து வாசித்தேன். பிள்ளை சொன்னது அப்படியே உண்மை. குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார்கள்: படி ஏற எத்தனை நிமிடம்? கால் பொருந்தும் இடத்தில் புண் வருவதுண்டா? ஒரு நாளில் எத்தனை தரம் கழிவறைக்குப் போவீர்? பிள்ளை பெறும் எண்ணம் உண்டா? பக்கம் பக்கமாக இது. பிறகு முகாமையாளரின் சாட்சியத்தில் நாலே வரி. கீழே ஒரு மேசை போட இடம் இருந்ததா? இருந்தது. ஏன் போடவில்லை? அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை.

இந்த நாலு வரியை யாழ்ப்பாணம் முழுக்க வாசிக்க வேண்டும். மற்றப் பக்கங்களை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

என்னிடம் முன்பு படித்த சட்டத்தரணித் தம்பி வந்திருந்தார். நிறையக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்றமும் நியாய சபையும் பகிரங்கமாகவே அமர வேண்டும். குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசியப் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவை மூடலாம். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆகவே இந்தப் பிள்ளையின் சாட்சியம் திறந்த மண்டபத்தில், எங்கள் மொழியில் சொல்லப்பட்டது. விரும்பிய எவரும் போய்க் கேட்டிருக்கலாம். அமெரிக்காவில் வழக்கு விசாரணை தொடங்க முதலே சட்டத்தரணிகளின் அலுவலகத்தில் வைத்துச் சாட்சியம் எடுப்பார்களாம். அதை வெளியிடாமல் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று 1984இல் சியாட்டில் டைம்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. எங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை.

“அப்ப தாராளமா வெளியிடலாம்?”

“கட்டளை வரும்வரைக்கும் பொறுங்கோ ரீச்சர். அதுக்குப் பிறகும் நடந்ததை நடந்தபடி சொல்லோணும். வெட்டி ஒட்டி ஆளைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.”

நான் அறியாமல் இருந்த ஒன்றையும் சொன்னார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, வேலைக்கு எடுக்கும்போதும் பாடசாலையில் சேர்க்கும்போதும் பாரபட்சம் கூடாது என்கிறது. வேலைக்கு எடுத்த பிறகு நடப்பதை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மேல்மாடிக்கு அனுப்புவது, பதவி உயர்வை மறுப்பது, கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அந்த வரிக்கு வெளியே நிற்கின்றன. அதனால்தான் இப்படியானவர்கள் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அங்கே வழக்கின் பெயர் வேலைநீக்கம் மட்டுமே. பாரபட்சம் என்ற சொல் வழக்கின் தலைப்பில் வராது, சாட்சியத்துக்குள் புதைந்து கிடக்கும். கட்டளையை மட்டும் வாசிப்பவருக்கு அது கண்ணில் படவே படாது.

அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்கச் சொன்ன 27/88 சுற்றறிக்கை 1988இல் வந்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்றது. அதை உள்நாட்டில் செயற்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை. கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் இந்த வெறுமைக்குள்தான் வேலை தேடுகிறார்கள்.

மார்ச் 13, வியாழன், போயா

விடுமுறை. நாள் முழுக்க அற்றலிசா வழக்கைப் பற்றி வாசித்தேன்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அற்றலிசா என்று ஒரு சிற்றூர். டெக்சாசிலிருந்து கொண்டுவரப்பட்ட, அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். வான்கோழி வெட்டும் ஆலையில் விடியப்புறத்திலிருந்து வேலை. மாதச் சம்பளம் 65 டொலர். பல பத்தாண்டுகள் இப்படியே போனது. அடி, ஏச்சு, தண்டனை எல்லாம் உண்டு. ஹென்றிஸ் டர்க்கி சேவிஸ் என்ற நிறுவனம் அவர்களை வைத்து உழைத்தது. 2009இல், அவர்களில் ஒருவரின் சகோதரி ஒரு பத்திரிகையாளரிடம் பேசிய பிறகே வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2013 மே 1இல் டவன்போட் நகரில் யூரிமார் 32 பேருக்கும் சேர்த்து 240 மில்லியன் டொலர் கொடுக்கச் சொன்னார்கள். சிறிய நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆளுக்கு 50,000 டொலர். ஆகவே 240 மில்லியன் 1.6 மில்லியனாகச் சுருங்கியது. காசு போனது, ஆனால் மன்றில் சொல்லப்பட்டது போகவில்லை. நியூயோர்க் டைம்ஸின் டான் பரி அதைத் தேடி 2014இல் எழுதினார், 2016இல் புத்தகமாக்கினார். இல்லாவிட்டால் மருதனார்மடத்தில் இருக்கிற எனக்கு அந்த ஊரின் பெயரே தெரிந்திராது.

பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சபை கொடுக்கும் நட்டஈடு ஒருவருக்குத்தான். அடுத்த ஆளுக்குப் பயன்படப் போவது சாட்சியம். அடுத்து அந்த நிறுவனத்தின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கப்போகிற, கால் இல்லாத, காது கேளாத பிள்ளைக்கு அந்த நாலு வரி தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று எனக்கும் பிள்ளைக்கும் சரியான வாக்குவாதம். நிறுவனத்துக்குச் சார்பாகச் சாட்சி சொன்ன சக ஊழியரின் பெயரை வெளியிட வேண்டும் என்று நிற்கிறது.

“என்னோட ஒரு மேசையில சாப்பிட்டவர் அக்கா. நான் ஒருநாளும் கீழ மேசை கேக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னவர்.”

கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மனிசன் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் திறந்தவர். அவர் பெயரை ஊரில் எறிந்தால் சனம் அவரைத்தான் பேசும், நிறுவனத்தை மறந்துவிடும். பொய் சொன்னதைச் சபை தீர்மானிக்கட்டும். வெளியிடும் பிரதியில் “ஒரு ஊழியர்” என்று இருந்தால் போதும் என்றேன். பிள்ளை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மௌனமாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனது.

எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்பதில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தியாவில் 1966இல் மிராஜ்கர் வழக்கு நடந்தது. பம்பாய் மேல் நீதிமன்றத்தில் ஒரு வணிகர், தன் சாட்சியம் பத்திரிகையில் வந்தால் வியாபாரம் கெடும் என்றார். நீதிபதி தார்குண்டே அதைப் பிரசுரிக்க வேண்டாம் என்று வாய்மொழியாகக் கட்டளையிட்டார். பத்திரிகையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒன்பது நீதியரசர்களில் எட்டுப் பேர் அவர்களுடைய மனுக்களைத் தள்ளினார்கள். ஹிதாயத்துல்லா ஒருவர்தான் மாறி நின்றார். நான் ஹிதாயத்துல்லாவின் பக்கம். திறந்த மன்றில் வணிகரின் இலாப நட்டத்துக்குத் திரை போடத் தேவையில்லை. ஆனால் வியாபாரத்துக்காகத் திரை கேட்க ஒருவருக்கு வாய் இருந்ததென்றால், தன் உடம்புக்குத் திரை கேட்க இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கூடுதலான நியாயம் இருக்கிறது. ஐ.நா. சமவாயத்தின் 22ஆம் உறுப்புரை, வலுவிழந்தோரின் உடல்நல, புனர்வாழ்வுத் தகவல்களின் அந்தரங்கத்தை மற்றவர்களுடையதைப் போலவே காக்க வேண்டும் என்கிறது. வேலைத்தலத்தில் கால் உள்ளவரிடம் யாரும் கழிவறைக் கணக்குக் கேட்பதில்லை.

பெயரை மட்டும் மறைத்தால் எங்கள் ஊரில் காணாது. இணுவிலிலிருந்து சுன்னாகம் வரைக்கும், கணக்குப் பகுதியில் செயற்கைக் காலோடு வேலை செய்த பெண் என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மறைக்க வேண்டியது அந்த மருத்துவப் பக்கங்களை. வெளிவர வேண்டியது வேலைத்தலம் எடுத்த முடிவு: யார் எடுத்தார், எப்போது எடுத்தார், என்ன காரணம் சொன்னார், மாற்று வழி இருந்ததா.

மார்ச் 20, வியாழன்

நிறுவனம் சமரசத்துக்கு வந்திருக்கிறது. காசு தருவார்களாம். ஒரு நிபந்தனை: சாட்சியத்தில் உள்ள எதையும் எவரிடமும் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது.

பிள்ளையின் தாய் காசை வாங்கச் சொல்கிறா. வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கச்சியின் கலியாணம் இருக்கிறது. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை இரவு முழுக்க யோசித்துவிட்டு விடிய வந்தது.

“காசு வாங்கிறன் அக்கா. ஆனா அந்த வரியை வெட்டச் சொல்லி லோயரிட்டைச் சொல்லிப்போட்டன். என்ரை காலைப் பற்றி அவையள் ஒண்டும் கதைக்கக் கூடாதெண்டு வேணுமெண்டா எழுதட்டும். அவையள் செய்ததைப் பற்றி நான் கதைப்பன்.”

போன ஞாயிறு நான் சொன்னதைவிட இது தெளிவாக இருக்கிறது. அந்த ஊழியரின் பெயரையும் மறைக்கச் சொல்லிவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. பிள்ளை கேட்டபடி, பிரதியை இரண்டு கட்டாகப் பிரித்துத் தட்டச்சுச் செய்கிறேன். வெளியே போகப்போவது ஒன்றுதான்.

கொழும்பில் அஜித் பெரேரா செய்ததை இந்த வேளை நினைக்கிறேன். 1992இல் அவர் ஓட்டிய காரின் மேல் மரம் முறிந்து விழுந்தது. அதற்குப் பிறகு வாழ்க்கை சக்கர நாற்காலியில். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் போய்வர வழி வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, 2011 ஏப்ரல் 27இல் கட்டளை பெற்றார். அந்தக் கட்டளை கோவைக்குள் கிடந்து உக்கிவிடாமல், கடைசிவரைக்கும் எழுதியும் பேசியும் சனத்துக்குத் தெரியப்படுத்திக்கொண்டே இருந்தார். 2020இல் காலமானார். மருதனார்மடச் சந்தியில் நின்று சுற்றிப் பார்த்தால் இன்னும் படிகள்தான் தெரிகின்றன. சாய்தளம் இருக்கும் கடையைத் தேட வேண்டியிருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது இப்படியொரு வழக்கின் பிரதி அலுமாரியில் கிடந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். வழக்கு முடிந்திருந்தால், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், முதலாளியின் வாயால் வந்த பதில்களை வெளியே கொடுங்கள். பத்திரிகைக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன்: நோயின் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள், மேசை போட மறுத்ததைப் போடுங்கள். தொழில் நியாய சபைகள் தங்கள் கட்டளைகளை, மருத்துவ விபரத்தை நீக்கி, தமிழிலும் சிங்களத்திலும் தாமாகவே வெளியிட வேண்டும். 23ஆம் பிரிவில் வேலைக்கு எடுத்த பிறகு நடப்பதையும் சேர்க்கும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் இனியும் தள்ளிப்போடக் கூடாது. இதை எங்கள் மாவட்டத்துப் பிரதிநிதிகளுக்கு நான் கடிதமாக எழுதப் போகிறேன். நீங்களும் எழுதுங்கள்.