பேச்சுக் கேட்கும் கண்ணாடி

கண் பார்வை மங்கிப்போன என் தாயாருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது முகம் பார்க்க வந்த கண்ணாடியல்ல. முன்புறம் பிரதிபலித்து, பின்னாலிருந்து வரும் ஒளியை ஊடுருவ விடும் கண்ணாடி. அதன் பின்னே ஒரு திரை. அதற்கும் பின்னே உள்ளங்கை அகலத்தில் ராஸ்ப்பெர்ரி பை என்னும் சின்னக் கம்ப்யூட்டர். ஹாலந்துக்காரரான மைக்கேல் டேயு 2014-இல் செய்து, யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஏற்பாடு இது. மணியும் தட்பவெப்பமும் முகத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தாகத் தெரியும்.

என் தமக்கை மகன் அதில் வானொலியையும் சேர்த்தான். அம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். முடக்குவாதம் கண்ட விரல்களால் ரேடியோவின் குமிழைத் திருக முடியாமற் போனதிலிருந்து, காலைச் செய்திக்கு அவள் பிறர் கையை எதிர்பார்த்திருந்தாள். கேட்கக் கூச்சப்பட்டுப் பல நாள் சும்மா இருந்துவிடுவாள்.

வந்த அன்றே கண்ணாடி ஊமையாயிற்று. திரையில் நிலையத்தின் பெயர் தெரிகிறது, சத்தம் இல்லை. இந்த மாதிரிச் சமயத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பையன் அப்படிச் செய்யவில்லை. நிலையத்தின் இணைய முகவரியைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தான், பாடியது. ஆகவே நிலையம் குற்றவாளியல்ல. கம்ப்யூட்டரிலிருந்து வேறொரு ஒலியை அனுப்பினான், அதுவும் மௌனம். விஷயம் இதுதான்: ஒலி ஸ்பீக்கருக்குப் போகாமல், படம் போகிற கம்பி வழியே திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. திரைக்கோ வாய் கிடையாது! வழியை மாற்றியதும் நாதஸ்வரம் வந்தது.

குரலுக்குப் பணிய வைப்பதுதான் பெரும்பாடு. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிறவியிலேயே காது இல்லை. மைக்கைத் தனியே செருக வேண்டும். ரேடியோ பாட ஆரம்பித்ததும் மைக்குக்கு அந்தப் பாட்டுத்தான் கேட்டது. அம்மாவின் குரல் விழவில்லை. மைக்கை ஸ்பீக்கரைவிட்டு எட்ட வைத்து, அழைப்புச் சொல் காதில் பட்டதும் பாட்டுத் தானே தணியும்படி செய்தான்.

அந்தச் சொல்லில்தான் தகராறு. யாரையும் ஏவிப் பழகாதவள் அம்மா. "அப்பா, கொஞ்சம் ரேடியோவைப் போடேன்" என்பாள். கண்ணாடிக்கு அவ்வளவு மரியாதை புரியவில்லை. அவளைப் பழக்கிவிடலாம் என்றான் பையன். நான் சம்மதிக்கவில்லை. எழுபத்தைந்து வயதில் ஒரு கண்ணாடிக்காக அவள் ஏன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும்? அவள் சொல்லக்கூடிய விதங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "அப்பா" என்பதே அழைப்புச் சொல்லாயிற்று.

இப்போது நாங்கள் எழுந்திருக்குமுன்பே கூடத்தில் செய்தி கேட்கிறது. என் மகள் என்னைக் கூப்பிட்டாலும் சட்டென்று தணிந்துவிடுகிறது. அம்மா அதற்கு வருத்தப்படுவதில்லை.

"உன்னைத்தான் கூப்பிடறா, போய் என்னன்னு கேளு" என்கிறாள்.