அப்பாவின் நெஞ்சுக்கு ஒரு ஆடிட் ஃபைல்

நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு கோயமுத்தூர் போறேன். ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க. எங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் போனதில்லை. தாத்தா போயிருக்கணும், அதுக்குள்ள தூக்கத்துலயே போயிட்டார். அப்போ அவருக்கு வயசு 54. அப்பாவுக்கு இப்போ 51.

பி.காம். படிக்கிறவன் கையில வேலை கொடுத்தா என்ன பண்ணுவான்? ஃபைல் போடுவான் :)

ரெண்டு வருஷத்து ரத்தப் பரிசோதனை சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கினேன். போன வாரம் எடுத்த ஈ.சி.ஜி.யையும் வச்சேன் (அந்தத் தாள்ல கோடு நாளாக நாளாக மங்கிடும், அதனால ஒரு ஜெராக்ஸும்). எங்க ஏரியா டாக்டர் கொடுத்த லெட்டர். பி.பி. மாத்திரை அட்டையோட. பேரை மட்டும் எழுதிட்டுப் போனா மில்லிகிராம் மாறிப் போகும். போன் பண்ணி, வெறும் வயித்துல வரணுமா, காலை மாத்திரையைப் போடலாமான்னு கேட்டுக்கிட்டேன். இது டெஸ்ட்டுக்கு டெஸ்ட் மாறும், நாமளா முடிவு பண்ணக் கூடாது. கடைசியா ஆதாரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்.

இ.எஸ்.ஐ. கார்டு கிடையாது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 2019 ஜூலையிலிருந்துன்னு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதினவன் நான். ஆனா பத்துப் பேராவது வேலை செய்யற இடத்துக்குத்தான் அது கட்டாயம். அப்பா பவர் டேபிள் ஓட்டுற ஜாப் ஒர்க் யூனிட்ல கைமடியையும் சேர்த்து ஏழு பேர். பீஸ் ரேட் வேற. நாளைக்கு லீவுன்னா நாளைக்குச் சம்பளம் இல்லை. மூணு வாரமா தள்ளிப் போனதுக்குக் காரணம் அதுதான். ஷிப்மென்ட் போகட்டும், சனிக்கிழமை சம்பளம் வரட்டும்னு சொல்லிட்டே இருந்தார்.

ஃபைல் ரெடி. ஆனா அப்பா ரெடி இல்லை.

"டாக்டர் கேட்டா என்னனுங்கப்பா சொல்லுவீங்க?"

"என்னத்தச் சொல்றது கண்ணு, கேஸுதான். ஒரு ஜெலுசில் குடிச்சா சரியாப் போயிரும்."

ஆடிட்டர்கிட்ட "எல்லாம் கரெக்டா இருக்குங்க"ன்னு சொல்ற முதலாளி மாதிரியே சொன்னார்.

எனக்குப் பயமா இருந்தது இங்கதான். ஈ.சி.ஜி. நார்மல்னுதான் வந்திருக்கு. ஆனா சும்மா படுத்திருக்கும்போது எடுத்தா, ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிற ஆளுக்கும் நார்மலா வரலாம். அப்போ டாக்டருக்குத் துப்பு கொடுக்கிறது நோயாளி சொல்ற கதைதான். ஹெபர்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர். 1768-லயே இந்த வலியைப் பத்தி ஒரு கட்டுரை வாசிச்சார். நடந்தா, அதுவும் மேடு ஏறினா, சாப்பிட்டதும் நடந்தா வருது, நின்னா போயிடுதுன்னு அதுல சொல்லியிருக்கார். அப்போ ஸ்டெதாஸ்கோப்பே கிடையாது, அது வந்தது 1816-ல. ஈ.சி.ஜி.க்காக ஐந்தோவனுக்கு நோபல் கிடைச்சது 1924-ல. ஹெபர்டன் வெறுமனே கேட்டுத்தான் கண்டுபிடிச்சார். கேட்டா சொல்ற ஆளுங்க அவருக்குக் கிடைச்சிருக்காங்க!

ராத்திரி நோட்டை எடுத்துக்கிட்டு அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். வலி எப்போ, எங்க, எவ்வளவு நேரம்? அம்மாதான் முதல்ல வாயைத் திறந்தாங்க. "ஏனுங்க, அந்த பீடிக் கணக்கையும் சொல்லுங்க." ஒரு நாளைக்கு ஒரு கட்டுன்னு சொல்லிட்டு, அம்மா முறைச்சதும் ஒண்ணரைன்னார் (திருப்பூர்ல எல்லாமே ஒண்ணரை ஷிப்ட்தானே).

டாக்டர் லெட்டர் கொடுக்கும்போது சொன்னதையும் வீட்ல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிச்சேன்: உட்கார்ந்தும் விடாத வலி, வேர்த்துக் கொட்டுறது, இடது கைக்கோ தாடைக்கோ ஏறுறது, இதெல்லாம் வந்தா அப்பாயின்ட்மென்ட் தேதி பார்க்கக் கூடாது, உடனே 108.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார். யூனிட் ரெண்டாவது மாடி. கட்டிங் பண்டலைத் தூக்கிட்டு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்துல நின்னுடுவாராம். மத்தவங்க பார்த்தா போன்ல ஏதோ பார்க்கிற மாதிரி நிப்பாராம். ரெண்டு நிமிஷத்துல வலி போயிடுமாம்.

"எத்தனை நாளாங்கப்பா?"

"தீவாளி போனஸ் வாங்கினப்பவே இருந்துச்சு."

அதை அப்படியே எழுதி ஃபைல்ல மேலாப்ல வச்சிருக்கேன். பஸ் காலைல ஆறேகாலுக்கு.