ஏரிக்கு அந்தப் பக்கம்

சிவில்காரனுக்கு சர்வே என்றால் செயினும் தியோடலைட்டும்தான். போன வருஷக் கேம்ப்பில் எங்களுக்குக் கிடைத்ததோ வேறு சர்வே. "ஊர்ல குடிதண்ணி நிலைமை எப்படின்னு நாற்பது வீட்ல விசாரிச்சுட்டு வாங்க. கடைசி நாள் பஞ்சாயத்துத் தலைவர் முன்னாடி சார்ட் வைக்கணும்" என்றார் எங்கள் சார்.

காலை பத்து மணிக்குக் கிளம்பி, மெயின் தெருவில் கதவு திறந்திருந்த வீடாகப் பார்த்து நுழைந்தோம். மோர் கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்தது! தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னது ஆறே வீடு.

சார்ட்டைப் பார்த்த சார் ஒன்றுதான் கேட்டார். "பூட்டியிருந்த வீட்டையெல்லாம் என்னப்பா பண்ணீங்க?"

"விட்டுட்டோம் சார்."

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா காலை ஏழு மணிக்கே நடவுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டுக்குப் பகலில் யார் வந்தாலும் பூட்டைத்தான் பார்க்க முடியும்.

அன்று ராத்திரி சார், கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரைப் பற்றிச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர். 1916-ல் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தவர். 1918-ல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு போன்ற அந்த ஊர்களுக்கே 1930-களில் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்களாம். முதல் கணக்கு ஒழுங்காக இருந்தால்தானே அது முடியும்?

மறுநாள் பஞ்சாயத்து வீட்டுவரி ரெஜிஸ்டரை வாங்கினோம். 240 வீடு. ஒன்று முதல் ஆறு வரை சீட்டு எழுதிக் குலுக்கினோம், நாலு வந்தது. நாலு, பத்து, பதினாறு என்று ஆறுக்கு ஒரு வீடு. எங்கள் இஷ்டத்துக்கு இடமே இல்லை. (மனிதப் புவியியல் படிப்பவர்களுக்கு இது ஆரம்பப் பாடமாம். நமக்குத்தான் சிலபஸில் கிடையாது!) வந்ததில் பதினான்கு வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியில். அதுவரை நாங்கள் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனோம்.

"தண்ணி கிடைக்குதா ஆயா?"

"கிடைக்குதே தம்பி."

டிக் அடிக்கப் போனவன், ஏதோ தோன்றி, "இன்னைக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?" என்றேன்.

"விடிகாலம் நாலுக்கு. ஆறு நடை. அப்புறந்தான் களையெடுக்கப் போனேன்."

எங்கள் கேள்வியே கோணல்! நாற்பது வீட்டிலும் எத்தனை மணி, எத்தனை குடம், எத்தனை நடை என்று மாற்றிக் கேட்டோம். மூன்று நடைக்கு மேல் போகிற வீடு பத்தொன்பது.

"ஆறு பத்தொன்பதாச்சு சார்!" என்று குதித்தோம்.

"வீட்டையும் மாத்திட்டீங்க, கேள்வியையும் மாத்திட்டீங்க. ரெண்டு கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பேசாதீங்க" என்றார் சார்.

சார்ட் பேப்பர் தீர்ந்து போயிருந்தது. பழையதன் பின்பக்கத்தில்தான் புதியதை வரைந்தோம்.