வரவழைக்கப்பட்டவர்கள்

மார்கழி விடுமுறையில் அப்புத்தளையில் மூடுபனி இறங்கிவிட்டால் நண்பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருக்கும். அத்தகைய ஒரு நாளில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் நம் வீட்டுக்கு வந்தனர். யாவரும் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், பழைய புத்தகக் கடையில் வாங்கி அனுப்பிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், இருபது முகமுடைய பகடைக்காய் ஒன்றும் அவர்கள் கையில் இருந்தன. "சேர், ஒரு வழக்கு. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றனர்.

'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி, 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பேசி ஆடுவர். ஐயம் எழும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

வழக்கு, மந்திரத்தால் வரவழைக்கப்படும் உயிர்களைப் பற்றியது. அவர்கள் வைத்திருந்தது 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன்படி மந்திரவாதி எட்டு ஓநாய்களை வரவழைக்கலாம். அவை அவன் வாய்ச்சொல்லுக்குக் கீழ்ப்படியும். சொல் இல்லையேல் தம்மைக் காத்துக்கொள்வதன்றி வேறெதுவும் செய்யா. ஒரு மணி நேரம் கழிந்தாலோ, அவன் மனஒருமை குலைந்தாலோ மறைந்துபோகும். 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, வெட்டுண்ட உயிர் உண்மையில் சாவதில்லை. வந்த இடத்துக்கே அனுப்பப்படும். 24 மணி நேரத்துக்கு அதை மீண்டும் அழைக்க முடியாது.

நெருப்புப் பூதத்துக்கு விதி வேறு. மனஒருமை குலைந்தாலும் அது மறைவதில்லை. கட்டு அறுந்ததும் அழைத்தவன்மீதே பகைகொள்ளும். மந்திரவாதியாக ஆடிய மாணவன்மீது அம்பு தைத்துவிட்டது, மனஒருமை குலைந்தது. "இவ்வளவு நேரம் நமக்காகச் சண்டையிட்ட பூதம் ஏன் நம்மைத் தாக்க வேண்டும்?" என்றான் அவன். "புத்தகம் அப்படித்தான் சொல்கிறது" என்றான் கதை நடத்தியவன். நாம் அந்தப் பக்கத்தை இருமுறை படித்துவிட்டு, புத்தகம் சொல்வதே சரி எனத் தீர்ப்பளித்தோம். ஆசிரியர்களுக்கு அச்சிட்ட எழுத்தின்மீதுள்ள நம்பிக்கை எளிதில் போவதில்லை.

அதுவரை பேசாதிருந்த மாணவி கேட்டாள்: "சேர், வருகிறாயா என்று அந்தப் பூதத்தை யாராவது கேட்டார்களா?"

அவள் தந்தை காமன் கூத்தில் பல ஆண்டு ரதி வேடம் கட்டியவர். அவள் தொடர்ந்தாள்: "மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் கூத்து நடக்கிறது. தேவர்கள் ஏவியதால்தானே காமன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போனான்? எரிந்தது அவன். அழுதது ரதி. ஏவியவர்களுக்கு என்ன தண்டனை?"

நம்மிடம் விடையில்லை. நாம் அளித்த தீர்ப்பின் பொருள் அப்போதுதான் நமக்கே விளங்கிற்று. வரவழைக்கப்பட்டவனுக்கு அந்த விதி இரண்டே நிலைகளை வைத்திருக்கிறது: ஏவலாள், அல்லது பகைவன். தன் விருப்பப்படி நிற்கும் மூன்றாவது நிலை அதில் இல்லை.

இந்த விதியை நாம் ஆங்கிலப் புத்தகத்திலா முதலில் படித்தோம்? நம் பாட்டன்மார் கங்காணியின் முன்பணத்தில் வரவழைக்கப்பட்டவர்கள். கடன்தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு அவர்களைக் கட்டி வைத்தது. 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. கொழுந்து கொய்யும்வரை அவர்கள் ஏவலாட்கள். 1947 தேர்தலில் தம் விருப்பப்படி வாக்களித்ததும் அவர்களைக் கண்டு அச்சம் பிறந்தது. 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கணக்குப் போட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். வந்த இடத்துக்கே அனுப்பப்படும் என்பது விதி. இந்த மலையிலேயே பிறந்தவனுக்கு வந்த இடம் எது? அவனை யாரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்கு வழிசெய்யும் குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆம் ஆண்டு ஆயிற்று.

நம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் புதிய விதி எழுதினர். அழைக்கப்பட்ட உயிர் முதலில் காரணம் கேட்கும். மறுக்க அதற்கு உரிமையுண்டு. உடன்பட்டால் கிடைப்பதில் அதற்கும் பங்குண்டு. பூதமாக ஆட அந்த மாணவியே முன்வந்தாள். எளிதில் முடிந்திருக்க வேண்டிய போர் மாலைவரை நீண்டது. மந்திரவாதி கெஞ்சினான், பேரம் பேசினான், தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்தான். பூதம் ஒருவாறு உடன்பட்டது. வெற்றியும் கிடைத்தது.

"இனி நீ போகலாம்" என்றான் மந்திரவாதி.

"போகாமல் இங்கேயே இருக்க விரும்பினால்?" என்று கேட்டது பூதம்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அதற்கும் விதி எழுத இன்னொரு தாள் வேண்டும் என்றான் ஒருவன். எடுத்துக் கொடுத்தோம்.