தண்ணீர் கேட்காத செடி

டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் குடியிருப்பவர்களுக்குச் செனீசோ தெரியாமல் இருக்காது. பெட்ரோல் பங்க் ஓரம், சர்ச் வாசல், வீட்டு வேலி என்று எங்கும் சாம்பலும் வெள்ளியுமாக நிற்கும் புதர். தாவரவியல் பெயர் லூகோஃபில்லம் ஃப்ரூட்டெசென்ஸ். ரியோ கிராண்டே ஆற்றின் இரு பக்கமும், சுண்ணாம்புப் பாறையிலும் சுக்கான் மண்ணிலும் தானாக முளைத்து வளர்வது. டெக்சஸின் மண்ணுக்கே உரிய புதர்ச்செடி என்று 2005-ல் அரசே அறிவித்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் செடிமேல் பிரியம் என்றால் தண்ணீர் ஊற்றுவதுதான். இந்தச் செடிக்கு அந்தப் பிரியம் ஆகாது. வேர் பிடிக்கும்வரை அளவாக ஊற்றுங்கள், அப்புறம் அதன் பக்கமே போகாதீர்கள் என்று நர்சரியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகும். உரம் போட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து சரியும்.

சொன்னபடியே செய்தேன். ஆனால் அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. பிள்ளைகள் படிக்க வெளியூர் போயிருந்த சமயம். யாருக்காவது நான் வேண்டியிருக்க வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. வாசலிலோ என் கையை எதிர்பார்க்காத ஒரு செடி. ரோஜாவுக்கு ஹோஸ் பிடித்துவிட்டு அதைக் கடந்து போகும்போது நிஜமாகவே வலிக்கும்.

அம்மா வந்திருந்தபோது பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்: "என்னடி இது, விபூதி பூசின மாதிரி நிக்குது? தண்ணி ஊத்தறியா இல்லையா?" ஒரு இலையைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நுனி அளவுதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் மேலிருக்கும் ரோமம் விலகி உள்ளே பச்சை தெரியும். அந்த ரோமம்தான் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; வறட்டுக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சாமல் காக்கிறது. அம்மாவும் தேய்த்துப் பார்த்தாள். "கெட்டிக்காரச் செடிதான்" என்றாள்.

கோடையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வந்து ஒரு மழையும் பெய்துவிட்டால், சில நாளில் புதர் முழுக்க ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூத்துவிடும். ஆரம்பத்தில் நான் ஊற்றிய குழாய்த் தண்ணீருக்கு அது அப்படிப் பூத்ததே இல்லை. காற்றின் ஈரமும் சேர வேண்டும்.

2021 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரை இங்கிருந்த யாரும் மறக்க மாட்டார்கள். கரண்ட் போய், குழாய்கள் வெடித்து, ஊரே உறைந்துகிடந்தது. பனி கரைந்த பின் பார்த்தால், என் செடி இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து வெறும் குச்சியாக இருந்தது. பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாள், "இப்போ வெட்டாதீங்க, நகத்தால கீறிப் பாருங்க" என்றார். நுனிக்கிளைகளில் பட்டைக்கு அடியில் பழுப்புதான். அடித்தண்டில் கீறினேன். மெல்லிய பச்சைக் கோடு.

அப்புறம் தினமும் போய்ப் பார்ப்பேன். ஊற்றவில்லை, வெட்டவில்லை, போர்த்தவும் இல்லை. அந்த மார்ச் மாதம் முழுக்க அந்தச் செடிக்கு நான் செய்தது பக்கத்தில் நின்றது மட்டும்தான். அதையும் கவனிப்பு என்று என் மனசு ஏற்றுக்கொண்டது அப்போதுதான். பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குப் போன் போட்டுச் சாப்பாட்டை விசாரிப்பதும் அந்த வாக்கில் குறைந்தது. ஏப்ரலில் பழைய தண்டிலிருந்தே வெள்ளித் துளிர்கள் வந்தன. அதன் பிறகே காய்ந்த கிளைகளைக் கழித்தேன்.

இப்போது ஹூஸ்டனில் இருக்கும் மகளுக்காகக் கோடையில் குச்சி வெட்டி மணலில் வேர்விட வைத்திருக்கிறேன். அங்கே களிமண், மழையும் அதிகம். அதனால் மேடு கட்டிச் சரளை கலந்து நடச் சொல்லியிருக்கிறேன். கவாத்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். தோட்டவேலைக்கு வருபவர்கள் மெஷினை வைத்து அதைப் பந்து மாதிரி உருட்டிவிடுவார்கள். பூக்க வேண்டிய நுனியெல்லாம் அதோடு போய்விடும். அநியாயம் அது. குளிர்காலம் முடியும்போது, நீண்டுபோன கிளையை மட்டும் கையால் வெட்டினால் போதும்.